தூண் பாறை போற வழியில ஒரு பச்சை மேடு... மணிக்கட்டு ரகசியம் சொன்ன கொடைக்கானல் பெரியவர்!

கொடைக்கானலை வேன் பிடித்துச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் கட்டாயம் ஞாபகம் இருக்கும். ஏரியை விட்டுத் தூண் பாறை பக்கம் ஏறும்போது மரங்கள் சட்டென்று விலகி, மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி விரியும். "அந்தா பாருங்க, கோல்ஃப் கிரவுண்டு" என்பார் டிரைவர். ஆனால் பிரேக்கில் கால் வைக்க மாட்டார். ஜன்னலோரம் இருப்பவர்கள் போனை நீட்டுவார்கள். "வெள்ளைக்காரன் காலத்து கிரவுண்டுப்பா", "எல்லாம் பணக்காரங்க ஆட்டம்" என்று பின் சீட்டிலிருந்து இரண்டு குரல் வரும். அதற்குள் பசுமைப் பள்ளத்தாக்கு வந்துவிடும். அங்கே குரங்கு, சாக்லேட் கடை, தைலக் கடை. நம்மில் பெரும்பாலானவர்களுக்கும் கோல்ஃபுக்கும் உள்ள உறவு அந்த அரை நிமிஷத்தோடு முடிந்தது.

இந்த முறை நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன். சீசன் முடிந்த வார நாள் என்பதால் ரோட்டில் கூட்டமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு டீக்கடை, அவித்த கடலை, சுட்ட மக்காச்சோளம். பனி கீழே இறங்குவதும் மேலே ஏறுவதுமாக இருந்தது. பந்து கிளம்பும் சத்தம் முதலில் வரும். எங்கே போனது என்று தேடுவதற்குள் பனி அதை விழுங்கிவிடும்.

கொஞ்சம் வரலாறு. மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கினார். அதற்கு 32 வருடம் கழித்து, 1895-ல் தொடங்கப்பட்டதுதான் கொடைக்கானல் கோல்ஃப் கிளப். 18 குழிகள் கொண்ட மைதானம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். பழசு என்று இதைச் சொன்னால் கொல்கத்தாக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கிருக்கும் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் ஆரம்பித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப் அதுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: 46 கிராம்கூட இல்லாத ஒரு பந்தை, 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழிக்குள், முடிந்தவரை குறைவான அடிகளில் தள்ள வேண்டும். அதைப்போல 18 குழிகள். பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையைச் சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் கேடி என்று பெயர். நம் ஊர் சினிமாவில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்பது உங்களுக்கே தெரியும்.

"அதாம் பாப்பா, ஊர்ல போயி நான் கேடின்னு சொன்னா ஒரு பயலும் பொண்ணு குடுக்க மாட்டாம்னு எங்கப்பா பயந்தாரு" என்று சிரித்தபடி பேச்சை ஆரம்பித்தார் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். தலையில் மஃப்ளர், கையில் குடை, கால்களில் எந்த நிறம் என்று சொல்ல முடியாத பழைய கேன்வாஸ் ஷூ. மலைப்பக்க கிளப்களில் 40 வருடம் பை தூக்கியவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "பேரெல்லாம் போட வேணாம், விஷயத்த மட்டும் போடுங்க" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நீல ஸ்வெட்டர் போட்ட ஒருவர் அடிக்கத் தயாராக நின்றார். மட்டையைப் பின்னால் தூக்கினார். அது கீழே இறங்க ஆரம்பித்த உடனேயே பெரியவர், "வலது பக்கம் போகும். தூரமும் போகாது" என்றார். பந்து மேலே எழும்பி, வலப்பக்கம் வளைந்து, பைன் மரங்களுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"எப்படி ஐயா முன்னாடியே சொன்னீங்க?"

"கை மேலயே அவுந்துருச்சே. கீழ வந்து அவுறணும்."

'அவிழ்வது.' ஆங்கிலத்தில் ரிலீஸ் என்று சொல்லி, புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லில் அவர் அதை முடித்துவிட்டார்.

கால் நொடிக்குள் ஒரு கணக்கு

விஷயம் இதுதான். மட்டையைப் பின்னால் தூக்கும்போது மணிக்கட்டு மடங்குகிறது. இடது கைக்கும் மட்டைக்கும் இடையில் ஏறக்குறைய 'ட' எழுத்து மாதிரி ஒரு மூலை உண்டாகிறது. கீழே இறக்கும்போது அந்த மூலையை இடுப்பு உயரம் வரை கலைக்காமல் கொண்டுவர வேண்டும். கை தொடைக்கு முன்னால் வரும்போது அது அவிழ வேண்டும். அப்போது மட்டையின் தலை சாட்டை நுனி மாதிரி சொடுக்கிப் பறக்கும். தொழில்முறை வீரர்களின் மட்டைத் தலை மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேல் போவது இப்படித்தான். அவர்கள் தோள் பலம் அதில் ஒரு பங்கு மட்டுமே.

பந்தைப் பார்த்ததும் ஆசை வந்து, தோள் உயரத்திலேயே மணிக்கட்டை அவிழ்த்துவிட்டால், வேகமெல்லாம் காற்றிலேயே செலவாகிவிடும். மட்டை பந்திடம் வந்து சேரும்போது அதில் மிச்சம் எதுவும் இருக்காது. ஆங்கிலத்தில் இதைத் தூண்டில் வீசுவதற்கு ஒப்பிட்டு 'காஸ்டிங்' என்கிறார்கள். பெரியவர் சொன்னது வேறு. "சம்பளம் வந்த அன்னைக்கே செலவு பண்ற மாதிரி."

நமக்குப் புரிகிற உதாரணம் வேண்டுமென்றால் பம்பரம். சாட்டையைச் சுற்றி, கையை முன்னால் வீசி, கடைசி நேரத்தில் வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கிறோம் இல்லையா? கை வேகம் குறைகிற அந்த நொடியில்தான் பம்பரத்துக்கு வேகம் ஏறுகிறது. ஆற்றங்கரைக் கல்லில் ஈரப் புடவையை அடித்துத் துவைக்கும் அம்மாக்களைக் கவனித்தாலும் இதே சமாசாரம். கை முதலில் வந்துவிடும், புடவையின் முனை கடைசியில் வந்து 'பட்' என்று விழும். இங்கிலாந்தில் அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட ஆய்வுப் புத்தகத்தில் கோல்ஃப் வீச்சை இரண்டு ஊசல்கள் என்று விளக்கினார்கள். தோளிலிருந்து தொங்கும் கை ஒரு ஊசல். கையிலிருந்து தொங்கும் மட்டை இன்னொன்று. நடுவில் இருக்கும் கீல்தான் மணிக்கட்டு. முதல் ஊசல் வேகம் குறையும்போது அதனிடம் இருந்த சக்தி இரண்டாவதுக்குப் போகிறது.

சிக்கல் எங்கே என்றால் நேரத்தில். மேலிருந்து பந்து வரை மட்டை இறங்க ஆகும் நேரம் சுமார் கால் நொடி. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி நொடிதான். அதாவது ஒரு நொடியை 2,000 துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. 'இப்போ அவிழ்க்கலாம்' என்று மூளை யோசித்து கைக்குச் சொல்லி அனுப்புவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். அதனால்தான் இதை வேண்டுமென்றே செய்ய முயல்கிறவர்கள் எல்லோரும் சீக்கிரமாகவே அவிழ்த்துவிடுகிறார்கள். சிலர் அதற்குப் பயந்து, மூலையைக் கலைக்கவே கூடாது என்று மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார்கள். அது இன்னும் மோசம். கீல் துருப்பிடித்த கதவு எப்படி ஆடும்?

தைல மர விளாறு

"இருங்க" என்று எழுந்து போனவர், ரோட்டோரம் கிடந்த தைல மர விளாறு ஒன்றை எடுத்து, இலைகளை உருவிவிட்டு வந்தார். மூன்றடி நீளம், சுண்டுவிரல் தடிமன்.

"வீசுங்க. வேகமா."

வீசினேன். 'விஸ்ஸ்' என்றது.

"சத்தம் எங்க கேட்டுச்சு?"

யோசித்தேன். வலது காதுக்குப் பக்கத்தில்.

"அதுதான் நீங்க அவுத்த எடம். பந்து கீழ கெடக்கு. சத்தம் பந்துகிட்ட வரணும், இல்லாட்டி பந்தத் தாண்டி எடது பக்கம் வரணும். மறுபடி."

பத்துத் தடவை வீசியிருப்பேன். டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். பதினோராவது தடவை, 'இனி போதும்' என்ற அலுப்பில் சும்மா வீசியபோது, சத்தம் இடது கால் பக்கம் கேட்டது. "ஆங்" என்றார் பெரியவர். "இப்ப ஒண்ணும் பண்ணல பாருங்க, அதான் வந்துச்சு."

பயிற்சியாளர்கள் பலர் சொல்லித்தரும் முறைதான் இது. அவர்கள் மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வீசச் சொல்வார்கள். விளக்குமாற்றுக் குச்சியோ, மெல்லிய பிரம்போ இருந்தால் போதும், வீட்டு மொட்டை மாடியிலேயே முயன்று பார்க்கலாம். டி.வி-க்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். இன்னொரு பயிற்சியும் சொன்னார். மட்டையைத் தூக்கி, இடுப்பு உயரம் வரை இறக்கி, நிறுத்தி, மூலை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மேலே கொண்டுபோக வேண்டும். மூன்று தடவை இப்படி. நான்காவது தடவை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். பிடியைத் தளர்த்துவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சிறு குருவியைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்க ஜாம்பவான் சாம் ஸ்னீட் சொன்னதாகச் சொல்வார்கள்.

குருவியை எல்லாம் மதுரை வெயிலில் பிடித்துவிடலாம். கொடைக்கானலில் காலை ஏழு மணிக்கு? குளிரில் விரல் விறைத்து, பிடி தானாக இறுகுகிறது. பிடி இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது. முதல் மூன்று குழி வரைக்கும் யாருக்கும் கை அவிழாது என்பது பெரியவர் கணக்கு. அடுத்தது, இங்கே சமதளமே அபூர்வம். ஒரு அடிக்குப் பந்து பாதத்துக்கு மேலே இருக்கும், அடுத்த அடிக்குக் கீழே இருக்கும். இறக்கத்தில் நின்று அடிக்கும்போது, பந்தைக் கரண்டியால் அள்ளுவதுபோல மேலே தூக்கிவிட வேண்டும் என்று கைக்கு ஒரு பதற்றம் வரும். அந்த அள்ளுதலில் மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்து, மட்டை மண்ணை வெட்டும். உயரத்தில் காற்று மெலிசாக இருப்பதால் பந்து சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் பறக்கும். இது ஒன்றுதான் மலை கொடுக்கும் சலுகை.

கேட்டால்தான் சொல்லணும்

கோல்ஃபில் விநோதமான விதி ஒன்று இருக்கிறது. போட்டி நடக்கும்போது ஆட்டக்காரர் வேறு ஆட்டக்காரரிடம் யோசனை கேட்கக் கூடாது. பயிற்சியாளரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் தண்டனை உண்டு. ஜோடியாக ஆடினால் அந்த ஜோடியிடம் கேட்கலாம். தனியாக ஆடினால், கேட்க அனுமதி உள்ள ஒரே ஆள் அவருடைய கேடிதான்.

ஆக, 'சார், கை மேலயே அவுந்துருது' என்று சொல்ல அந்த மைதானத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. ஆனால் அவர் வாயைத் திறப்பதில்லை.

"கேட்டாத்தான் சொல்லணும். கேக்காமச் சொன்னா மரியாதைக் குறைவு" என்ற பெரியவர், ஒரு கதை சொன்னார். 30 வருடத்துக்கு முந்தையது. சீசனுக்குத் தவறாமல் மலைக்கு வரும் ஜவுளி வியாபாரி ஒருவர். அந்த வாரம் அவருக்கு எதுவுமே சரியாக வரவில்லை. ஒன்பதாவது குழியில் பொறுக்க முடியாமல், "முதலாளி, கொஞ்சம் தாமசமா அவுறுங்க" என்று இவர் சொல்லிவிட்டார். வியாபாரி பதில் பேசவில்லை. மறுநாள் பையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். "ரெண்டு வாரத்துக் கூலி பாப்பா. பெரியவளுக்கு அப்ப ஸ்கூல் சேக்கணும்."

மூன்று வருடம் கழித்து அதே வியாபாரி வந்து இவரைத் தேடியிருக்கிறார். "அன்னிக்கு என்னமோ சொன்னியே, என்னப்பா அது?"

"சொன்னீங்களா?"

"சொல்லாம? சாயந்தரம் வரைக்கும் சொன்னேன்."

எனக்கென்னவோ அந்த மூன்று வருடம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு அப்படியொன்றும் இல்லை. அடுத்த டீயைச் சொல்லிவிட்டார்.

சரி, இவர் எங்கே கற்றுக்கொண்டார்? யாரும் சொல்லித்தரவில்லை. பத்து, பன்னிரண்டு வயதில் தொலைந்த பந்தைத் தேடித் தரும் பையனாக வந்து, ஒடிந்த மட்டைத் தலையைக் கம்பில் கட்டி அடித்துப் பார்த்துப் பழகியது. இந்தியாவில் பல கிளப்களில் திங்கட்கிழமை மைதானத்துக்கு ஓய்வு. அன்றைக்குக் கேடிகளை ஆட விடுவது வழக்கம். வாரத்தில் ஆறு நாள் பார்த்ததை ஏழாவது நாள் செய்து பார்க்கலாம்.

இப்படிப் பார்த்தே பழகியவர்கள் எட்டிய உயரம் கொஞ்சமில்லை. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் ஆனார். 1993-ல் மறுபடியும் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை தூக்கியவர்தான். ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரிக்கும் தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌரசியா, தானாகவே ஆடப் பழகி, 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனைத் தட்டிவந்தார். 112 வருடம் கழித்து கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய 2016 ரியோ போட்டியில் இந்தியாவுக்காகவும் ஆடினார். பெரியவருக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் அத்துப்படி. "முனியப்பா ஜெயிச்சன்னைக்கு நாங்க எல்லாரும் ஆளுக்கு அம்பது ரூவா போட்டு பிரியாணி சாப்ட்டோம்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நின்றது. பைன் மரங்களுக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று, அவசரமே இல்லாமல் புல்வெளிக்கு வந்து நின்றது. புத்தகத்தில் காட்டெருமை. கொடைக்கானலில் தெருவுக்குள்ளேயே வந்து போகும் இவற்றை ஊர்க்காரர்கள் மாடு என்றுதான் சொல்கிறார்கள். நீல ஸ்வெட்டர்காரரின் பந்து அதன் முன்னங்காலுக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தது. அபாயகரமான விலங்கு பக்கத்தில் இருந்தால், தண்டனை இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றி வைத்து ஆடலாம் என்று கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே 16.2 என்று ஒரு பிரிவு இருக்கிறது. விஷப்பாம்பு, கரடி, முதலை வரைக்கும் உதாரணம் போட்டிருக்கிறார்கள். நீல ஸ்வெட்டர்காரர் விதியெல்லாம் பார்க்கவில்லை. பேசாமல் பின்னால் நடந்தார். இருபது நிமிஷம் எல்லோரும் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். கிளம்பும் முன்பே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலகுண்டு வழியாக மலை ஏறலாம். மைதானத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ரோட்டிலிருந்து பார்த்தாலே நிறையத் தெரியும். ஒருவர் அடிக்கத் தயாராகி நிற்கும்போது சத்தம் போடாமல் இருப்பது மரியாதை. யாராவது 'ஃபோர்' என்று கத்தினால், நாலு என்று எண்ணிக்கொண்டு நிற்காமல் தலையைக் கையால் மூடிக் குனிந்துகொள்ளுங்கள். பந்து உங்கள் பக்கம் வருகிறது என்று அர்த்தம். காட்டுமாட்டோடு செல்ஃபி எடுக்கும் ஆசையைத் தயவுசெய்து மலை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

மாடு போன பிறகு, பெரியவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் ஒரு மூலை உடைந்திருந்தது. "பேத்தி எடுத்துக் குடுத்தா. போன மாசம்" என்றார். காய்ந்த புல் மேட்டில் அவரே நின்று, கடன் வாங்கிய மட்டையால் அடிக்கும் ஸ்லோ மோஷன் வீடியோ. முழங்கால் வளையவே இல்லை. ஆனால் கை இறங்க இறங்க, மணிக்கட்டின் மூலை அப்படியே கூடவே இறங்கியது.

"நாப்பது வருசமா ஊர்ல உள்ளவங்க கையெல்லாம் பாத்தேன். என் கையப் பாத்ததில்ல" என்றவர், போனை என்னிடம் நீட்டினார். "பந்துல படுறதுக்கு முன்னாடி ஒரு எடம் வரும். அதுல நிறுத்த முடியுமா பாப்பா? எனக்கு வெரல் வெச்சா ஓடிப் போயிருது."

நிறுத்திக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் மணிக்கட்டைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவ மொதல்லருந்து போடுங்க" என்றார்.